ஐம்பத்தாறு வயதில் பூப்போட்ட சட்டை

நான் அந்தச் சோபாவில் உட்கார்ந்ததும் எதிரில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள்.

முத்தாண்டிக்குப்பத்தில் என் அக்கா பிலோமினாவின் வீடு அது. ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சமையலறையில் கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை. அன்று அங்கே பெண் பார்க்கும் வைபவம். மாப்பிள்ளை நான்தான். வயது ஐம்பத்தாறு. தலையில் பாதி முடி, வாயில் இரண்டு கட்டுப்பல், எனக்கு ஓரடி முன்னால் போகிற தொப்பை.

இதையெல்லாம் ஈடுகட்டத்தான் புதுச்சட்டை. பச்சை நிறம், உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய பெரிய இலைகள், இலைகளுக்கு நடுவே சிவப்புப் பூக்கள்.

பெண் வீட்டார் வருகிறார்கள் என்று அக்காவும் சோபாவுக்குப் புது உறை போட்டிருந்தாள். பச்சை நிறம். பெரிய பெரிய இலைகள். நடுவே சிவப்புப் பூக்கள்.

அக்காவின் மருமகள் அப்போது எடுத்த போட்டோ என் போனில் இன்னும் இருக்கிறது. அதில் சோபாவுக்கு மேலே ஒரு தலை தெரிகிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கைகள் தெரிகின்றன. கீழே ஒரு பேண்ட். நடுவில் ஆள் இல்லை.

பார்க்கப்பட வேண்டிய பெண், மார்கரெட் டீச்சர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து வந்த சிரிப்பு கறிக்குழம்பின் கொதிப்பையும் மீறிக் கேட்டது.

மண் நிற வாழ்க்கை

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு மேரியைத் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு வரி: மேரி என் மனைவி, சில வருஷங்களுக்கு முன் காய்ச்சலில் படுத்தவள், எழுந்திருக்கவில்லை. எங்கள் ஒரே மகள் ஸ்டெல்லா சென்னையில் வேலை பார்க்கிறாள். நெய்வேலி குவார்ட்டர்ஸில் நான் தனி ஆள்.

எனக்குச் சுரங்கத்தில் வேலை. பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு ராப்பகலாக ஓடும் பெல்ட்டைக் கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டர். கான்ட்ராக்டில் சேர்ந்து, காத்திருந்து, பர்மனென்ட் ஆனவன். பர்மனென்ட் ஆன நாள் முதல் உடை விஷயத்தில் என் மூளைக்கு வேலையே இல்லை. யூனிஃபார்ம் துணியைக் கம்பெனி கொடுத்துவிடும். மெயின் பஜாரில் காசிம் பாய் தைத்துவிடுவார். அவர் என்னை அளவெடுத்தது முதல் வருஷம் மட்டும்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், "வயித்துக்கு மட்டும் ஒரு இன்ச்சு விட்டிருக்கேன் சார்" என்று சொல்லிப் பொட்டலத்தை நீட்டுவார். அந்த ஒரு இன்ச்சு எத்தனை தடவை சேர்ந்திருக்கிறது என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. தைரியம் வந்ததில்லை.

என் பீரோவைத் திறந்தால் இடது பக்கம் யூனிஃபார்ம்கள், மண் நிறத்தில். நடுவில் வெள்ளைச் சட்டைகள். பூசைக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு. வலது பக்கம் லுங்கிகள். டிசைன் என்று அந்தப் பீரோவில் இருந்தது லுங்கிக் கட்டம் மட்டும்தான். அதையும் இடுப்புக்குக் கீழேதான் அனுமதித்திருந்தேன்.

மேரி ஒரு முறை இதை மாற்றப் பார்த்தாள். ஒரு கிறிஸ்துமஸுக்குச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி போட்ட சட்டை எடுத்து வந்தாள். அதைப் போட்டுக்கொண்டு சேர்ந்து வேலை பார்ப்பவர்களுக்குக் கேக் கொடுக்கப் போனேன். எங்கள் ஃபோர்மேன் கேக்கை வாங்காமல் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "என்னய்யா, அம்மை போட்டிருக்கா? லீவு போட்டுட்டு வேப்பிலையில படுக்க வேண்டியதுதானே?"

அந்தச் சட்டையை நான் மறுபடி தொடவில்லை. மேரி அதை வெட்டி இரண்டு தலையணை உறை தைத்தாள். "சட்டை உங்கள ஒன்னும் பண்ணாது. நீங்கதான் சட்டையப் பார்த்துப் பயந்துகினு இருக்கீங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம்.

கடையில் நடந்த ஆராய்ச்சி

மறுமணப் பேச்சை ஆரம்பித்தது ஸ்டெல்லா. ஒரு லீவில் திடீரென்று வந்து நின்றவள், நான் சுவரில் இருந்த பல்லியிடம் ஷிப்ட் கதை சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தாளாம். மிகைப்படுத்துகிறாள். நான் பேசியது டி.வி.யோடு. பல்லி நடுவில் வந்தது.

அத்தையிடம் சொன்னாள். அக்கா ஊரெல்லாம் சொன்னாள். பண்ருட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லித்தரும் பி.டி. டீச்சர் என்று தகவல் வந்தது. பெயர் மார்கரெட். ஐம்பதை நெருங்கும் வயது. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர். அம்மா போன பிறகு அண்ணன் விக்டர் வீட்டில் இருக்கிறார். விக்டர் பலா மண்டி வைத்திருப்பவர், கறாரான மனிதர்.

"அப்பா, வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போயிடாதீங்க" என்று போனில் சொன்னாள் ஸ்டெல்லா. "ஓட்டுக் கேக்க வந்தவர் மாதிரி இருக்கும்."

"யூனிஃபார்ம்?"

"அப்பா! நல்லதா ஒரு பிரிண்டட் ஷர்ட் எடுங்க. இப்ப எல்லா வயசுக்காரங்களும் போடுறாங்க."

தனியாகப் போக பயந்து, பக்கத்து குவார்ட்டர்ஸ் பழனிசாமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பண்ருட்டி போனேன். பழனிசாமிக்கு ஈரோடு பக்கம். என்னைவிட இளையவர். என் பீரோவும் அவர் பீரோவும் இடம் மாறினால் எங்கள் இருவருக்குமே தெரியாது. அப்படிப்பட்டவரை ஆலோசகராகக் கூட்டிப் போன புத்திசாலி நான்.

கடைப் பெண் சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தது. முதலில் ஒன்று, முழுக்க இங்கிலீஷ் பேப்பர் மாதிரி எழுத்து. அதைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போனால் பின் சீட்டுக்காரர் முதுகைப் படித்துக்கொண்டே வருவார். பாதியில் நான் இறங்கினால் சண்டைக்கு வருவார். அடுத்தது, நங்கூரம் நங்கூரமாக. நான் தோண்டுகிற ஊரில் இருப்பவன், மிதக்கிறவன் இல்லை. அடுத்தது, சட்டை பூராவும் குட்டிக் குட்டிக் கண்ணாடியும் மீசையும். அதை எடுத்துப் போட்ட பெண்ணே என் முகத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டது.

"தொப்பை இருக்கறவங்க பெரிய டிசைனுதான் போடோணுங்ணா" என்றார் பழனிசாமி. "பார்க்கறவங்க கண்ணு டிசைன்ல போயிரும். தொப்பையில போகாது."

"இது யார் சொன்னது?"

"என்ற சம்சாரம். ஜன்னல் ஸ்கிரீன் எடுக்கறப்ப சொன்னா. செவுத்துல இருக்கற கறை தெரியாதாம்."

அந்த ஜன்னல் ஸ்கிரீன் தத்துவத்தின்படி அந்த இலைச் சட்டை தேர்வானது. கடைப் பெண், "அங்கிள், பத்து வயசு குறைஞ்சிட்டீங்க" என்றது. போட்டோ எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து பீரோவில் மாட்டினேன். சாவு வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட கரகாட்டக்காரர் மாதிரி இருந்தது அது. பொருத்தமாக ஒரு பேண்ட் தேடினேன். என்னிடம் இருந்தவை எல்லாம் சாம்பல் நிறம், அல்லது ஒரு காலத்தில் வேறு நிறமாக இருந்து சாம்பலானவை. சரி, மேலே காடு, கீழே சாம்பல் என்று கிளம்பிவிட்டேன். அப்புறம்தான் அந்தச் சோபா.

பலா மரத்தடியில்

விக்டர் சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார். "சாருக்கு ரிட்டையர்மென்ட் எப்போங்க?" என்று கேட்டார். சொன்னேன். சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "வயசுக்குத் தகுந்த மாதிரி இருந்தா நல்லாருக்கும்" என்றார். யாரைச் சொல்கிறார், எதைச் சொல்கிறார் என்று யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அக்கா என்னை உள்ளே இழுத்தாள். "ஏன்டா ஆரோக்கியம், உனக்கு வேற சட்டையே கெடைக்கலையா? சோபாவுக்குப் போட்ட உறைய நீயும் போட்டுகினு வந்து நிக்கிறியே!"

"நீ உறை மாத்துவேன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"இன்னா சொல்லி அனுப்பறது இப்ப அவங்கள?"

அடுப்படியில் நின்றுகொண்டிருந்த மார்கரெட் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இவர்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார். மைதானத்தில் பேசிப் பழகிய குரல். அக்கா உடனே வழி விட்டாள்.

தோட்டத்துப் பக்கம் போய் பலா மரத்தடியில் நின்றோம். அவர் கட்டியிருந்தது சந்தன நிறத்தில் ஒரு வெற்றுப் புடவை. கரைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றார்.

"பரவால்லைங்க. நான் எதிர்ல உக்கார்ந்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன்."

"இந்தச் சட்டை யாரு எடுத்தது?"

"பொண்ணு எடுக்கச் சொன்னா. பழனிசாமி தேர்ந்தெடுத்தாரு. கடைப் பொண்ணு நல்லாருக்குன்னுச்சு."

"உங்களுக்குப் பிடிச்சுதா?"

"எல்லாருக்கும் பிடிச்சுதுங்க."

"நான் அதக் கேக்கல."

மேலே பார்த்தேன். பலாப்பழம் ஒன்று எங்கள் இருவர் தலைக்கும் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. உதவிக்கு வரவில்லை.

"இந்தப் புடவை எங்க அண்ணி எடுத்தது" என்றார் அவர். "வயசுக்கேத்த மாதிரி இருக்கணுமாம். எனக்குப் பூப்போட்டதுதாங்க பிடிக்கும். பெருசு பெருசா. ஸ்கூல்ல பூரா நேரமும் டிராக் பேண்ட்டுதான். வூட்டுக்கு வந்தா பூப்போட்ட புடவை கட்டிகினு உக்காருவேன். யாரும் பாக்கறதுக்காக இல்ல. எனக்கே எனக்கு. சரி, சட்டைய விடுங்க. உங்களுக்குன்னு இன்னா பிடிக்கும்?"

சுலபமான கேள்வி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட பதில் சொல்லும். நான் வாயைத் திறந்தேன். மேரிக்குப் பிடித்தது ஞாபகம் வந்தது. ஸ்டெல்லாவுக்குப் பிடித்தது ஞாபகம் வந்தது. கேன்டீனில் செவ்வாய்க்கிழமை என்ன போடுவார்கள் என்பதுகூட வந்தது.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் இப்போது சிரிக்கவில்லை. காலடியில் கிடந்த சருகைச் செருப்பால் ஒதுக்கினார்.

"என்னால தனியா இருக்க முடியும்ங்க. இவ்ளோ நாள் இருந்துட்டேன். அவங்க சொன்னாங்க, இவங்க சொன்னாங்கன்னு ஒருத்தர் வந்து என்னைக் கட்டிக்கிறதத்தான் தாங்க முடியாது. தனக்கு இன்னா பிடிக்கும்னே தெரியாதவருக்கு, என்னைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

அவர் தன் போன் நம்பரைச் சொன்னார். பதிந்துகொண்டேன்.

"தெரிஞ்சப்புறம் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர்கள் சாப்பிட நிற்கவில்லை. மண்டியில் லோடு வருகிறது என்றார் விக்டர். ஞாயிற்றுக்கிழமை. அத்தனை பேருக்கு வைத்த கறிக்குழம்பை நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது. அதுவே ஒரு வருத்தம்.

சோதனைகள்

முதல் இரண்டு நாள் எனக்குக் கோபம். விசில் ஊதி மைதானத்தை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்களே என்று. ஷிப்டில் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கோபம் மெல்ல வேறாக மாறியது. எனக்குப் பிடித்தவை என்ன என்று யோசிக்க ஆரம்பித்தேன். சர்க்கரை இல்லாத டீ. அது டாக்டர் சொன்னது. காலையில் நடை, அது ஸ்டெல்லா சொன்னது. கோயில் பாடற்குழுவில் பாட்டு. அது ஆள் குறைகிறது என்று ஃபாதர் இழுத்து விட்டது. பெல்ட்டில் நிலக்கரி வந்துகொண்டே இருந்தது. என் பட்டியலில் ஒன்றும் வரவில்லை. இது சிரிக்க வேண்டிய விஷயம் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய விஷயங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சட்டையிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். பழனிசாமியைக் கூப்பிடவில்லை. யாருக்கும் போட்டோ அனுப்புவதில்லை என்றும் தீர்மானம்.

முதல் முயற்சி, வெளிர் மஞ்சளில் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளி வைத்த சட்டை. அடக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். வேறு ஊராக இருந்தால் இருந்திருக்கும். இது நெய்வேலி. எதிரில் வந்தவர்கள் எல்லோரும் கரித்தூள் என்று நினைத்து என் தோளைத் தட்டிவிட்டார்கள். மெயின் பஜாரைக் கடப்பதற்குள் நாலைந்து பேர் தட்டிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் கைக்குட்டையை எடுத்தே துடைத்துப் பார்த்தார். போகாததும், "சர்ஃப்ல ஊற வைங்க தம்பி" என்றார்.

இரண்டாவது, நீலத்தில் முக்கோணம் முக்கோணமாக. பாடற்குழுவுக்குப் போட்டுப் போனேன். பக்கத்தில் நின்றவர் இரண்டாவது பாட்டிலேயே தலை சுற்றுகிறது என்று இடம் மாறிக்கொண்டார்.

மூன்றாவது, ஆரஞ்சில் மீன்கள். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி வந்தது. மேலே டிசைன் பேசினால் கீழே பேண்ட் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த விதத்தில் என் சாம்பல் பேண்ட்கள் உலகத்திலேயே சிறந்த பேண்ட்கள். பெரிய டிசைன் தொப்பையை மறைக்காது; தொப்பைக்கு ஒரு ஓவியக் கண்காட்சி வைத்துக் கொடுக்கும். டிசைன் நம்மைவிடச் சத்தமாகப் பேசக் கூடாது. பாதி நாள் வாயே திறக்காத என்னைப் போன்றவனுக்கு, மெதுவாகப் பேசுகிற டிசைனாக இருக்க வேண்டும். ஆனால் எதுவுமே பேசாத டிசைன் என்றால் மறுபடியும் யூனிஃபார்ம்தான்.

இதெல்லாம் தெரிந்தது. பிடித்தது எது என்று மட்டும் தெரியவில்லை.

ஸ்டெல்லாவுக்கு முந்திரிப்பருப்பு வாங்க ஒருநாள் பண்ருட்டி போனவன், பழக்கதோஷத்தில் அந்தத் துணிக்கடைக்குள்ளும் நுழைந்தேன். ஆண்கள் பகுதி மாடியில். படிக்கட்டுக்குப் போகும் வழியில், கீழ்த்தளத்தில் அடுக்கியிருந்த துணிச் சுருள்களில் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். செங்கல்லைவிடக் கொஞ்சம் அடர்ந்த நிறம். அதில் பால் நிறத்தில் சின்னச் சின்ன உருவங்கள், வளைந்து வளைந்து, ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு. கையால் தடவிப் பார்த்தேன். பருத்தி. திரும்பவும் தடவினேன்.

"யாருக்கு சார்?" என்று கேட்டது அதே கடைப் பெண்.

"எனக்கு."

"இது லேடீஸ் பக்கம் சார். சுடிதார் துணி. மாங்காய் டிசைன்."

"மாங்காய் இல்லம்மா. முந்திரி. நல்லாப் பாரு."

அது பார்த்தது. நானும் பார்த்தேன். ஏன் பிடித்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காரணம் சொல்லத் தெரியாது. கை தானாகப் போனுக்குப் போனது, ஸ்டெல்லாவுக்குப் படம் அனுப்ப. பாக்கெட்டிலேயே விட்டுவிட்டேன். "ஒரு சட்டைக்கு வெட்டிக் கொடும்மா" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய மனிதர்கள் எதற்கெதற்கோ நடுங்கியிருக்கிறார்கள். நான் சுடிதார் துணிக்கு.

காசிம் பாய் துணியை விரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார், இது லேடீஸ் துணி."

"தெரியும் பாய். சட்டை தைங்க."

"வேணும்னா நாலு தலையணை உறை வரும் சார்."

"சட்டை பாய்."

அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என்னை நிற்க வைத்து அளவெடுத்தார்.

தைத்து வந்ததும் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பழனிசாமி வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த பைப் தன் பாட்டுக்குத் தெருவுக்குத் தண்ணீர் விட்டது.

"ஏனுங்ணா..." என்று இழுத்தார். "சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. என்ற சம்சாரம் இதே துணியில நைட்டி வெச்சிருக்காளுங்."

என் முகம் சுருங்கியிருக்க வேண்டும். வீட்டுக்குள் திரும்பினேன். கண்ணாடி முன்னால் நின்றேன். நைட்டித் துணிதான். இப்போது தெரிந்துவிட்டது, இனிமேல் தெரியாமல் இருக்க முடியாது. கழற்ற வேண்டும் என்று முதல் பட்டனில் கை வைத்தேன். அப்படியே நின்றேன். கழற்ற மனசு வரவில்லை.

பட்டனை விட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்ட் பேக்கரி

"ஹலோ, யாரு பேசுறது?"

"சோபாங்க" என்றேன்.

இரண்டு நிமிஷம் அந்தப் பக்கம் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

சனிக்கிழமை சாயங்காலம், பண்ருட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில் சந்திக்கலாம் என்றார். தனியாக வருவார் என்று நினைத்துப் போனேன். விக்டரும் வந்திருந்தார். டீச்சர் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறப் புடவை, அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மஞ்சள் பூக்கள். நான் முந்திரிச் சட்டையில். நாங்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்ததும் பக்கத்து மேஜைக்காரர் தன் டீயை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்க்க வசதியாகத் திரும்பி உட்கார்ந்தார்.

விக்டர் என் காலரிலிருந்து கடைசிப் பட்டன் வரைக்கும் பார்த்தார். "சார், இது..."

"லேடீஸ் துணிங்க" என்றேன். "சுடிதாருக்கு எடுக்கறது. எங்க பக்கத்து வூட்டம்மா இதுல நைட்டி வெச்சிருக்காங்க. எனக்குப் பிடிச்சிருக்கு."

கடைசி வாக்கியம் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பப்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

மார்கரெட் டீச்சர் தலையைச் சாய்த்து ஆராய்ந்தார். "எனக்குப் பிடிக்கல" என்றார். "உங்க நெறத்துக்கு இது ஒத்தே வரல."

"பரவால்லைங்க."

"நான் வேணாம்னு சொன்னா மாத்திக்குவீங்களா?"

பெண் பார்க்க வந்தவன் இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது ஊரறிந்தது. விக்டரும் அந்தப் பதிலுக்காகத்தான் என்னைப் பார்த்தார்.

"மாட்டேங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. போச்சு, இரண்டாவது தடவையும் போச்சு. அக்கா என் தோலை உரித்துவிடுவாள். டீ கிளாஸை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தேன்; நாக்கு வெந்தது.

"சரி" என்றார் டீச்சர். "அப்ப நான்?"

"உங்களைப் பத்தி எல்லாரும் நல்லாச் சொன்னாங்க. நல்ல குடும்பம், பர்மனென்ட் வேலை, பொறுமைசாலின்னு. நான் அதுக்காக வரலைங்க. அன்னிக்கு எங்க அக்கா வூட்டுல, அத்தனை பேர் முறைச்சுகினு இருக்கும்போது, அடக்க முடியாம சிரிச்சீங்க இல்ல? எனக்கு அது பிடிச்சுது. என்னைப் பார்த்துத்தான் சிரிச்சீங்கன்னு தெரியும். இருந்தாலும் பிடிச்சுது. மறுபடியும் கேக்கணும்போல இருந்துது."

இவ்வளவு நீளமாக நான் கடைசியாகப் பேசியது எப்போது என்று ஞாபகமில்லை. டி.வி.யிடம் பேசியது சேர்த்தி இல்லை.

டீச்சர் புடவைப் பூ ஒன்றின் ஓரத்தை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. மைதானம் பூராவும் கேட்கிற குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

விக்டர் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மண்டியில் பழத்தைத் தட்டிப் பார்த்து விலை சொல்கிறவர். என்ன சத்தம் கேட்டதோ.

"இன்னொரு பப்ஸ் சாப்புடுங்க மச்சான்" என்றார்.

சாரிலிருந்து மச்சானுக்கு வர அவ்வளவு நேரம்தான் ஆனது.

வெள்ளைச் சட்டை

கல்யாணத்தை எங்கள் கோயிலிலேயே, எளிமையாக வைத்துக்கொண்டோம். முதல் நாளே ஸ்டெல்லா வந்துவிட்டாள். முந்திரிச் சட்டையைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

"நாளைக்கு என்னப்பா போடப் போறீங்க?"

"வெள்ளை."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கோயிலுக்கு எனக்கு வெள்ளைதான் பிடிக்குது."

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்ன வயதில் செய்தது.

மறுநாள் காலை மார்கரெட் வெளிர் ரோஜா நிறப் பட்டில் வந்தார். வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றும் கை அகலம். பின் பெஞ்சில் யாரோ முணுமுணுத்தார்கள். மார்கரெட்டின் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். விக்டர் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஃபாதர் என் பக்கம் திரும்பி, கேட்க வேண்டியதைக் கேட்கத் தொடங்கினார். "ஆரோக்கியராஜ், மார்கரெட்டை நீர் முழு மனதோடு..."

"சம்மதம்" என்றேன்.

ஃபாதர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கேள்விய முடிச்சுக்கறேன்" என்றார்.

பக்கத்தில் மார்கரெட்டின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பூச்செண்டால் வாயைப் பொத்திப் பார்த்தார். முடியவில்லை. அவரிடமிருந்து ஸ்டெல்லாவுக்கு, அக்காவுக்கு, பாடற்குழுவுக்கு என்று பரவி, கடைசியில் ஃபாதரே புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். ஃபாதர் மறுபடி முதலிலிருந்து கேட்டார். இந்த முறை கடைசி வார்த்தை வரைக்கும் பொறுமையாகக் கேட்டேன். கேட்டுவிட்டு, அதையேதான் சொன்னேன்.